சக்கரத்தின் குடம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பொருள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பொருள். ரோடு பைக் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப். மாட்டுவண்டி செய்த நம் தச்சர்கள் இதைக் குடம் என்றார்கள். குடத்தில் ஆரக்கால்கள் ஊன்றும். ஆரக்கால்கள் வட்டையைப் பிடித்திருக்கும். வட்டையின் மேல் இரும்புப் பட்டை ஏறும். மரம் போய் அலுமினியம் வந்துவிட்டது. ஆரக்கால் போய் ஸ்போக்ஸ் கம்பி வந்துவிட்டது. ஆனால் நடுவில் குடம் சரியில்லாத சக்கரம் அன்றும் ஓடவில்லை, இன்றும் ஓடாது.

நாம் கூடினால் எதைப் பற்றிப் பேசுகிறோம்? ரிம் கார்பனா அலுமினியமா என்று பேசுகிறோம். டயர் 25-ஆ 28-ஆ என்று ஒரு மணி நேரம் வாதாடுகிறோம். ஹப்பைப் பற்றி யாராவது வாய் திறக்கிறோமா? சக்கரம் வாங்கும்போது அதோடு வந்த ஹப் எதுவென்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் டயர் மாட்டிய சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகிறது. பிரெவே என்னும் நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டர் முடித்து நீங்கள் இறங்கும்போது அது 95,000 சுற்றுச் சுற்றியிருக்கிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 47 லட்சம் சுற்றுக்கு மேல். உங்கள் உடல் எடை, பையின் எடை, பள்ளத்தில் விழுந்த அடி, மழைத் தண்ணீர், மணல் எல்லாவற்றையும் சேர்த்து அத்தனை லட்சம் சுற்றையும் சுமப்பது எது? குண்டுமணி அளவுள்ள சில எஃகு உருண்டைகள்.

அப்படியானால் நல்ல ஹப் எது? விலை உயர்ந்ததா? எடை குறைந்ததா? பேர் பெற்றதா? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் 300 கிலோமீட்டர் பிரெவே ஒன்றில் தாராபுரம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். முந்தின இரவு முழுக்க மழை. இருநூறு கிலோமீட்டர் தாண்டிய பிறகு ஒரு சின்ன ஏற்றம். எழுந்து நின்று மிதித்தேன். மிதித்த கால் சட்டென்று கீழே போய்விட்டது. சங்கிலி அறுந்ததோ என்று குனிந்து பார்த்தேன், சங்கிலி இருந்தது. பல்சக்கரமும் சுற்றியது. சக்கரம் மட்டும் நகரவில்லை. முன்னாலும் மிதிக்கலாம், பின்னாலும் மிதிக்கலாம்; இரண்டும் ஒன்றுதான்.

இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். ஊர் முனையில் ஒரு சைக்கிள் கடை. வேப்பமரத்தடி, ஒரு பெஞ்சு, தண்ணீர் நிறைந்த இரும்புச் சட்டி, சுவரில் தொங்கும் பழைய டியூப்கள். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இதை எந்தப் பக்கமுங்க தொறக்கறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எந்த ஸ்பேனரும் பிடிக்க இடமில்லாத, வழவழப்பான, சிவப்பு வண்ணம் ஏற்றிய அழகான ஹப் அது. கடை வாசலில் சாய்ந்திருந்த ரோட்ஸ்டர், அதாவது நம் ஊர்ச் சாதாரண சைக்கிள், ஒவ்வொன்றின் ஹப்பையும் அவர் பத்து நிமிடத்தில் பிரித்துப் போடுவார். நாற்பது ஆண்டு கைப்பழக்கம். என் ஹப் அவருக்கு ஒரு வழியும் விட்டுவைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, உரிய கருவி உள்ள ஒருவரைத் தேடிப் பிடித்துத் திறந்தோம். உள்ளே மூன்று கொக்கிகள். மிதிக்கும்போது பல்லில் சிக்கிச் சக்கரத்தை இழுப்பவை அவைதாம். அந்த மூன்றையும் வெளியே தள்ளி வைத்திருப்பது ஒரு கம்பி வளையம். பெண்கள் தலையில் செருகும் ஊசியைவிட மெல்லியது. அது துருப்பிடித்து இரண்டாக ஒடிந்து கிடந்தது. ரிம் நன்றாக இருந்தது. 28 கம்பியும் நன்றாக இருந்தன. பேரிங் நன்றாக இருந்தது. கடை கடையாகக் கேட்டேன். தயாரித்தவர்களுக்கு எழுதினேன். அந்த மாதிரியை நிறுத்திவிட்டோம், உதிரிப் பாகம் இல்லை என்று பதில் வந்தது. ஒரு கம்பி வளையம் இல்லாததால் ஒரு முழுச் சக்கரம் இன்றும் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

அன்று முதல் ஹப் வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. இது எத்தனை காலம் தேயாமல் இருக்கும் என்று கேட்பதில்லை. தேயாத ஹப் உலகத்தில் இல்லை. தேய்ந்தால் இதைத் திறக்க முடியுமா? திறந்தால் தேய்ந்ததை மட்டும் மாற்ற முடியுமா? மாற்றப் போடுவது என் ஊரில் கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்கிற ஹப்தான் உறுதியான ஹப். அதில் விலை குறைந்தது எதுவோ அதுதான் கொடுத்த காசுக்குப் பெறுமானமுள்ள ஹப்.

இது நம்மவர்களுக்குப் புதிய பாடமும் அல்ல. உப்பு விற்கப் போகும் உமணர்கள், மேடும் பள்ளமுமான நெடுவழியில் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள் என்று புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் காட்டுகிறார். பொகுட்டெழினியை அந்த மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். ஒரு தலைவனுக்குச் சொல்லத்தக்க உவமையாக ஓர் உதிரிப் பாகம் நின்றதென்றால், பயணம் போனவர்கள் அதை எவ்வளவு பெரிதாக மதித்திருக்க வேண்டும்!

சரி, ஹப்புக்குள் போவோம். சுழலும் முறையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று கோன், கப், குண்டு உள்ளது. இன்னொன்று அடைத்த பேரிங் உள்ளது.

முதலில் கோன் ஹப்பைப் பார்ப்போம். சின்ன வயதில் பால்ரஸ் குண்டு கேட்டுச் சைக்கிள் கடை வாசலில் நின்றவர்கள் இங்கே எத்தனை பேர்? அந்தக் குண்டுதான். ஹப்பின் இரு பக்கமும் கிண்ணம்போல் ஒரு கப். கப்பில் கிரீஸ், கிரீஸில் வரிசையாகக் குண்டு, குண்டின் மேல் கோன். ரோடு பைக்கில் வழக்கமாகப் பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டு. முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலக் குண்டு. நம் ஊர் ரோட்ஸ்டரில் போடுவதும் பெரும்பாலும் இதே இரண்டு அளவுதான். இதன் பொருள் புரிகிறதா? ஷிமானோவின் கோன் ஹப் மாட்டிய உங்கள் ரோடு பைக் நடுவழியில் நின்றால், அந்த வேப்பமரத்தடிக் கடையின் தகர டப்பாவில் உங்களுக்கான குண்டு இருக்கிறது. திறக்கத் தெரிந்த கையும் அங்கே இருக்கிறது. ஊருக்கு வந்தபின் நல்ல தரக் குண்டாக மாற்றிக்கொள்ளுங்கள். கிரேடு 25 என்று கேட்டு வாங்குங்கள்; உருண்டையின் வட்டம் அங்குலத்தில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் பிசகாது என்று அதற்குப் பொருள்.

கோனும் கப்பும் சாய்வாகக் குண்டைத் தாங்குவதால், மேலிருந்து வரும் பாரத்தோடு பக்கவாட்டில் வரும் தள்ளலையும் ஏற்கும். ஆட்டம் கண்டால் கோனைத் திருப்பிச் சரிசெய்யலாம். கோன் தேய்ந்தால் கோனை மட்டும் வாங்கலாம். இத்தனை நன்மைக்கும் அது கேட்கும் கூலி ஒன்றே ஒன்று: கவனிப்பு. கவனிக்காமல் விட்டால் கிரீஸ் வற்றும், தண்ணீர் புகும், குண்டு குழி விழும், குழி விழுந்த குண்டு கோனைக் கெடுக்கும், கடைசியில் கப்பையும் கெடுக்கும். கோன் கிடைக்கும், குண்டு கிடைக்கும். கப்? பெரும்பாலான ஹப்புகளில் கப்பை மாற்ற முடியாது. கப் போனால் ஹப் போயிற்று.

ஆகையால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, கோனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் ஒரு பளபளப்பான கோடாகத் தெரியும். அந்தக் கோடு அறுபடாமல் சுற்றி வந்தால் கோன் நலமாக இருக்கிறது. கோட்டின் மேல் அம்மைத் தழும்புபோல் புள்ளிகள் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். குண்டை மட்டும் தழும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதிதாகவே போடுங்கள். அதன் விலை ஒரு பெரிய காரியம் அல்ல.

திரும்ப மாட்டும்போது நம்மில் பலரும் செய்கிற ஒரு தவறு உண்டு. ஆட்டம் துளிகூட இல்லாமல் கோனை இறுக்கிவிடுகிறோம். குயிக் ரிலீஸ் உள்ள அச்சு உள்ளே குழாய்போல் இருப்பது. நெம்புகோலை மடக்கி இறுக்கும்போது அந்தக் குழாய் மிக மிகச் சிறிது நசுங்குகிறது; நசுங்கும்போது கோன் குண்டின் மேல் அழுந்துகிறது. வெளியே கையில் சரியாக இருந்த ஹப், வண்டியில் மாட்டியதும் இறுகிவிடுகிறது. அப்படியே ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் கோனில் தழும்பு விழாமல் என்ன செய்யும்? எனவே கையில் வைத்திருக்கும்போது மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். வண்டியில் மாட்டி நெம்புகோலை மடக்கியதும் அந்த ஆட்டம் மறைய வேண்டும். மறைந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். இதற்கு இரண்டு மூன்று முறை பிரித்துப் பூட்ட நேர்ந்தாலும் சலிப்படையாதீர்கள்.

இந்தக் குயிக் ரிலீஸுக்கே ஒரு கதை வழங்குகிறது. 1927-இல் இத்தாலியின் குரோச்சே தௌனே கணவாயில், பனியில் விரல் மரத்துப்போய்ச் சக்கரத்தின் இறக்கை நட்டைத் திருக முடியாமல் ஒரு பந்தய வீரர் தவித்தார் என்றும், அந்தத் தவிப்பிலிருந்து பிறந்ததுதான் இது என்றும் சொல்வார்கள். அவர் துல்லியோ கம்பாஞோலோ. 1933-இல் விச்சென்சாவில் தொழில் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தின் பழைய ரெக்கார்டு ஹப்பைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் எண்ணெய் விட ஒரு துளை, துளையை மூட ஒரு வளையம். கப்பைக்கூட மாற்றலாம். அதனால்தான் அரை நூற்றாண்டுக்கு முன் செய்த ஹப்புகள் இன்னும் சாலையில் சுற்றுகின்றன.

அடுத்து அடைத்த பேரிங். 1971-இல் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் பில் வுட் தொடங்கிய பட்டறை இந்த வகை ஹப்புக்குப் பேர்போனது. இதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. பேரிங் ஓடும்வரை ஓடும். கரகரத்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும். கவனிக்க நேரமில்லாதவர்களுக்கு இதுவே ஏற்றது. மோட்டாரும் பம்பு செட்டும் செய்கிற இந்தக் கோவையில் பேரிங் எண்ணைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 6902 என்றால் உள்துளை 15, வெளிவட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். 6001 என்றால் 12, 28, 8. பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி. எண்ணைச் சொன்னால் பேரிங் கடைக்காரர் எடுத்துத் தருவார்; மெல்லிய வகையாக இருந்தால் வரவழைத்துத் தருவார். சைக்கிள் கடைக்கே போக வேண்டியதில்லை.

ஆனால் வாங்குவதற்கு முன் கேளுங்கள்: உள்ளே இருக்கும் பேரிங்கின் எண் என்ன? விற்பவர் எண்ணைச் சொன்னால் மேற்கொண்டு பேசுங்கள். எங்கள் நிறுவனத்துக்கென்றே செய்த தனி அளவு என்று பெருமையாகச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். புதிய பேரிங்கை ஏற்றும்போது சுத்தியலால் நடுவில் அடிக்க விடாதீர்கள். உள்வளையத்தில் விழும் அடி குண்டு வழியாகத் தடத்தில் இறங்கி, ஓடுவதற்கு முன்பே பள்ளம் போட்டுவிடும். வெளிவளையத்தில் மட்டும் பொருந்தும் சாக்கெட்டை வைத்து, மெதுவாக நேராக அழுத்த வேண்டும்.

பின் ஹப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. இழுக்கும் வேலை. முன்பெல்லாம் பல்சக்கரத்தையும் கொக்கியையும் தாங்கும் பிரீவீல் தனியாக வரும். ஹப்பின் மரையில் திருகுவார்கள். பல்சக்கரங்கள் ஐந்து, ஆறு, ஏழு என்று கூடக்கூட வலப்பக்கக் குண்டு வண்டியின் சட்டத்திலிருந்து விலகி உள்ளே தள்ளிப்போனது. தாங்கல் இல்லாமல் நீண்டு நின்ற அச்சு வளைந்தது, முறிந்தது. 1978-இல் ஷிமானோ பிரீவீலை ஹப்போடு சேர்த்துப் பிரீஹப் என்று ஒன்றாக்கி, குண்டை வலது ஓரத்துக்கே கொண்டுவந்தது. அச்சு முறிவது பெருமளவு குறைந்தது. அந்த நிறுவனம் 1921-இல் ஜப்பானின் சக்காய் நகரில் தொடங்கியபோது செய்த முதல் பொருளே பிரீவீல்தான். அச்சைக் கழற்றிவிட்டு உள்ளே 10 மில்லிமீட்டர் ஆலன் கீயை விட்டுத் திருகினால் பல மாதிரிகளில் அந்தப் பிரீஹப் முழுதாகக் கழன்று வரும். ஒடிந்தால் புதியதைப் போட்டுவிட்டு ஓட்டலாம். என் பரணில் கிடக்கும் சக்கரத்துக்கு இந்த ஒரு வசதி இருந்திருந்தால்!

பிரீஹப்பின் உடல் எஃகா, அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியம் எடை குறைவு. ஆனால் நீங்கள் ஏற்றத்தில் மிதிக்கும்போது மெல்லிய எஃகுப் பல்சக்கரம் அதைக் கத்திபோல் வெட்டுகிறது. ஓராண்டு கழித்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டைக் கழற்றப் போனால் வராது. பல்சக்கரம் அந்த வெட்டில் இறங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். எஃகு உடலில் இந்தத் தொல்லை இல்லை. நோவாடெக் போன்றவர்கள் அலுமினிய உடலில் ஒரு வரியில் மட்டும் எஃகுப் பட்டை பதித்துத் தருகிறார்கள், நல்ல நடுவழி. ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் டைட்டானியத்தில் செய்கிறது. உறுதிக்குக் குறைவில்லை, விலைக்கும் குறைவில்லை.

கொக்கிகளுக்குப் பதிலாக, முகத்தில் பல் வெட்டிய இரண்டு வளையங்களை ஒன்றோடொன்று முட்ட வைக்கும் முறையும் உண்டு. ஹூகி என்ற சுவிஸ் ஹப்பில் வந்து, இன்று டிடி ஸ்விஸ் ஹப்புகளில் இருப்பது. கொக்கி ஹப்பில் உங்கள் மிதி முழுவதையும் இரண்டு மூன்று கொக்கி தாங்குகிறது. இதில் எல்லாப் பல்லும் சேர்ந்து தாங்குகின்றன. 18 பல் என்றால் மிதி பிடிக்க 20 பாகை வரை ஆகலாம். 36 பல் என்றால் 10 பாகை. மலைப் பாதையில் பாறைமேல் ஏறுகிறவருக்கு அந்த வேறுபாடு பெரிது. சாலையில் விடாமல் மிதிக்கும் நமக்கு 36 தாராளம். இந்த ஹப்பை எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே திறக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர்களுடைய 350, 240 என்ற இரண்டு வகையைப் பாருங்கள். உள்ளே இழுக்கும் முறை இரண்டிலும் ஒரே குடும்பம். 240 இலகு, 350 மலிவு. நான் 350 தான் வாங்குவேன்.

எடையைப் பற்றி இரண்டு வார்த்தை. ரிம்மில் நூறு கிராம் கூடினால் காலுக்குத் தெரியும் என்பவர்கள், அதே நூறு கிராம் ஹப்பில் கூடினாலும் தெரியும் என்று எண்ணுகிறார்கள். ஹப் சுழலும் மையத்தில் இருக்கிறது. அங்கே கூடும் எடையைச் சுழற்ற ஏறக்குறைய எந்த உழைப்பும் வேண்டாம். அது உங்கள் பாட்டிலில் இருக்கும் நூறு மில்லி தண்ணீருக்குச் சமம், அவ்வளவுதான். பீங்கான் குண்டுக்கும் இதே பதில். காற்றும் டயரும் தின்னும் சக்தியின் முன்னால் ஹப் பேரிங் தின்பது மிகக் கொஞ்சம். அதில் ஒரு பங்கை மிச்சம்பிடிக்க அத்தனை பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கம்பித் துளையின் எண்ணிக்கை அப்படியல்ல. பழைய ரோட்ஸ்டரில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி இருக்கும். பாரம் பின்னால் விழுகிறது என்று தெரிந்தவர்கள் செய்த வண்டி அது. நமக்கு 40 வேண்டாம். ஆனால் எண்பது கிலோ எடையுள்ளவர் 20 கம்பிப் பின்சக்கரத்தில் நம் சாலைகளில் நெடும்பயணம் போவதை நான் ஏற்கமாட்டேன். பின்னால் 32, முன்னால் 28 துளையுள்ள ஹப் வாங்குங்கள். கழுத்து வளைந்த சாதாரணக் கம்பி போடும் ஹப்பாகப் பாருங்கள்; நேர்க்கம்பி ஹப் அழகாக இருக்கும், அளவுக்கேற்ற கம்பி கிடைக்கக் காத்திருக்க வேண்டிவரும். ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற 31-ம் தாங்கிப் பிடிக்க, பிரேக்கைத் தளர்த்திவிட்டு வீடு வந்து சேரலாம். பிறகு பெண்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஹப்பின் அகல அளவை மறந்துவிடாதீர்கள். ரிம் பிரேக் வண்டிக்குப் பின்னால் 130 மில்லிமீட்டர். டிஸ்க் வண்டிக்கு இப்போது வழக்கம் 142, 12 மில்லிமீட்டர் அச்சு. ரிம் பிரேக் ஹப்புகள் சந்தையில் குறைந்துகொண்டே வருகின்றன. உங்களிடம் அந்த வண்டி இருந்தால், ஒரு ஜோடிக் கோனும் ஒரு பிரீஹப்பும் இப்போதே வாங்கி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். உமணர் செய்ததைத்தான் சொல்கிறேன்.

எதை வாங்கலாம் என்று கேட்பீர்கள். கையில் ஸ்பேனர் பிடிக்கும் பழக்கம் உண்டா? ஷிமானோ 105, டியாக்ரா வகை போதும். மேல்வகைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. பழக்கம் இல்லையா? நோவாடெக், பைடெக்ஸ் போன்ற தைவான் ஹப்புகளில் பேரிங் எண் தெரிந்த ஒன்று. கொஞ்சம் கூடக் கொடுக்க முடியுமா? டிடி ஸ்விஸ் 350. கிறிஸ் கிங், பில் வுட் போன்ற விலை உயர்ந்த ஹப்புகள் தலைமுறைக்கு உழைக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒரு பேச்சுக்கு, எட்டாயிரம் ரூபாய் ஹப் ஒன்றை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐநூறு ரூபாய் செலவில் புதுப்பித்துப் பத்தாண்டு ஓட்டினால் மொத்தம் பத்தாயிரத்துச் சொச்சம். அதே பத்தாண்டுக்கு ஐம்பதாயிரம் கொடுக்க வேண்டுமா என்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஹப்பானாலும் ஒன்றை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கார் கழுவும் இடத்தில் வண்டியை நிறுத்தி, அழுத்தத் தண்ணீரை ஹப்பின் மேல் பீய்ச்சாதீர்கள். ரப்பர் மூடி மழையைத் தடுக்கும். அந்தப் பீய்ச்சலைத் தடுக்காது. வாளித் தண்ணீரும் ஒரு துணியும் போதும்.

இங்கே மேசைமேல் மூன்று பின்சக்கரம் வைத்திருக்கிறேன். மூன்றும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியவை. ஒவ்வொருவராக மேலே வாருங்கள். அச்சின் இரு முனையையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டில் வெண்ணெயில் விரல் போனதுபோல் இருக்கும். ஒன்றில் விரல் நுனிக்குள் மணல் உருளும். அது எந்தச் சக்கரம் என்று கண்டுபிடித்ததும், பின்வரிசையில் நிற்கும் சைக்கிள் கடை அண்ணன்மார்களே, ஸ்பேனரை எடுங்கள். எல்லோரும் பார்க்க அதைத் திறப்போம்.